வாரிசு யார், பங்கு எவ்வளவு? சான்றிதழுக்கு அப்பால் இருக்கும் கணக்கு

கேள்வி இதுதான்: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் கிரயம் வாங்கிய நிலம் 4 ஏக்கர் 50 சென்ட் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. அம்மா, பாட்டி (அப்பாவின் அம்மா), ஒரு மகன், இரண்டு மகள்கள் என ஐந்து பெயர் அதில் இருக்கிறது. இனி நிலம் எங்களுக்குச் சொந்தமா? யாருக்கு எவ்வளவு? அடுத்து என்ன செய்ய வேண்டும்?

சான்றிதழ் வந்த நாளில் நிலம் உங்களுக்குச் சொந்தமாகவில்லை. அப்பாவின் மூச்சு நின்ற நொடியிலேயே ஆகிவிட்டது. அந்த நொடியில் யார் யார் உயிரோடு இருந்தார்கள், அவருக்கு என்ன உறவு என்பதை வைத்துச் சட்டம் பங்கைப் பிரித்து முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு வாங்கும் காகிதமெல்லாம் முடிந்த கணக்கைப் பதிந்து வைக்கும் வேலைதான். கணக்கைச் சரியாகப் போடாமல் காகிதத்தின் பின்னால் ஓடுவதால்தான் பத்து வருடம் கழித்துப் பத்திரம் செல்லாமல் போகிறது.

உயிரோடு இருப்பவருக்குச் சட்டப்படி வாரிசு என்று யாரும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இருப்பது எதிர்பார்ப்பு மட்டும். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இந்த எதிர்பார்ப்பை யாருக்கும் விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது என்கிறது. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகளிடம் 20 ரூபாய் பத்திரத்தில் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்திருப்பார்கள். அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்பதும் பங்கை அழிக்காது. இதன் மறுபக்கமும் உண்டு. அப்பா தன் சுயசம்பாத்தியத்தை உயிரோடு இருக்கையில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். "என் பங்கு" என்று பிள்ளைகள் அப்போது தடுக்க முடியாது.

இனி கணக்கு. கீழே சொல்வது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. இந்துக்களோடு பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் இதே சட்டம்தான். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம்களுக்கு ஷரியத்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று, உயில் எழுதினாலும் பொதுவாக மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் போகாது.

இந்து ஆண் உயில் இல்லாமல் இறந்தால் முதலில் வருவது முதல் வகுப்பு வாரிசுகள். மனைவி, தாய், மகன், மகள் நால்வகையினரும் சமம். முன்னரே இறந்துபோன மகன் அல்லது மகள் இருந்தால் அவர்களின் கிளைக்கு ஒரு பங்கு. இறந்த மகனின் மனைவியும் அந்தக் கிளைக்குள் வருவார், இறந்த மகளின் கணவர் வரமாட்டார். தகப்பனார் முதல் வகுப்பில் இல்லை, இரண்டாம் வகுப்பில்தான் இருக்கிறார். முதல் வகுப்பில் ஒரே ஒருவர் இருந்தாலும் இரண்டாம் வகுப்புக்கு ஒன்றும் போகாது. சில வாரிசுச் சான்றிதழ்களில் இறந்தவரின் தந்தை பெயரும் இருப்பதைப் பார்க்கலாம். பெயர் இருப்பது வேறு, பங்கு இருப்பது வேறு.

உங்கள் கணக்குக்கு வருவோம். 450 சென்ட், ஐந்து பேர். ஆளுக்கு 90 சென்ட். அம்மாவுக்குப் பாதி என்று ஊரில் சொல்வார்கள், கிடையாது. மகனுக்கு அதிகம் என்பதும் கிடையாது. பாட்டிக்கும் அதே 90 சென்ட். பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இந்தப் பாட்டி பங்கில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

பாட்டி இரண்டு வருடம் கழித்துக் காலமாகிறார் என்று வையுங்கள். "பாட்டி போயிட்டாங்க, இனி நாலு பேர்தானே" என்று நால்வர் சேர்ந்து நிலத்தை விற்பார்கள். தவறு. பாட்டியின் 90 சென்ட் பாட்டியின் சொந்தச் சொத்து. அவருக்கு உங்கள் அப்பா தவிர ஒரு மகளும் ஒரு மகனும், அதாவது உங்கள் அத்தையும் சித்தப்பாவும் இருந்தால், அந்த 90 சென்ட் மூன்றாகும் (தாத்தா முன்னரே இறந்திருந்தால்). அத்தைக்கு 30, சித்தப்பாவுக்கு 30, முன்னரே இறந்த உங்கள் அப்பாவின் கிளைக்கு 30. அந்தக் கடைசி 30 உங்கள் மூவருக்கும் பத்துப் பத்து சென்டாகப் பிரியும். உங்கள் அம்மாவுக்கு அதில் இல்லை, ஏனென்றால் பெண்ணின் சொத்துக்கு வாரிசு சொல்லும் 15ஆம் பிரிவில், இறந்த மகனின் பிள்ளைகளுக்கு இடம் உண்டு, மருமகளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆக, உங்கள் அப்பா தன் காசில் வாங்கிய நிலத்தில் அத்தையும் சித்தப்பாவும் சேர்ந்து 60 சென்டுக்குச் சொந்தக்காரர்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் போட்ட கிரயம் அந்த 60 சென்ட் அளவுக்குச் செல்லாது. வங்கி வக்கீல் மூலப்பத்திரம் பார்க்கும்போது முதலில் கேட்பது "அப்பாவோட அம்மா எப்ப இறந்தாங்க?" என்பதுதான். அந்தக் கேள்விக்குக் காரணம் இதுவே.

யார் எப்போது இறந்தார் என்ற வரிசையும் பங்கை அடியோடு மாற்றும். உங்கள் அக்கா அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால், அந்த 90 சென்ட் அக்காவின் பிள்ளைகளுக்கு மட்டும், அக்காவின் கணவருக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்குப் பிறகு இறந்தால், ஒரே ஒரு நாள் கழித்து என்றாலும், 90 சென்ட் அக்காவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அக்காவின் வாரிசுகளாகக் கணவரும் பிள்ளைகளும் சமமாக எடுப்பார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லாவிட்டால் கதை மறுபடி மாறும். பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து, பிள்ளை இல்லாத பெண் இறந்தால், கணவர் பக்கம் போகாமல் அவருடைய தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஆனால் பாட்டி வழியாக வந்த 10 சென்டுக்கு அந்த விதி கிடையாது. சட்டத்தில் "தந்தை அல்லது தாயிடமிருந்து" என்றுதான் இருக்கிறது. அது கணவருக்குப் போகும். அதேபோல் அப்பா உயிரோடு இருக்கையில் மகளுக்குச் செட்டில்மெண்டாக, அதாவது பணம் வாங்காமல், எழுதிக் கொடுத்த நிலம் வாரிசுரிமையாக வந்ததல்ல. அதற்கும் இந்தத் திரும்பும் விதி பொருந்தாது. ஒரே குடும்பம், ஒரே நிலம், மூன்று சென்டுக்கு மூன்று வழி. அதனால்தான் இறப்புச் சான்றிதழில் தேதியை நாள் தவறாமல் பார்க்கச் சொல்வது.

"தாத்தா சொத்து பேரனுக்கு" என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாத்தா தன் சுயசம்பாத்தியத்தை உயில் இல்லாமல் விட்டு 1956க்குப் பின் இறந்து, அது வாரிசுரிமையாக அப்பா கைக்கு வந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து. அப்பா இருக்கும்வரை பேரனுக்கு அதில் உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 1986இல் சந்தர் சென் வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. பிறப்பாலேயே பங்கு வருவது பிரிக்கப்படாத கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மட்டும். அதில் தமிழ்நாடு 25.3.1989 முதல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 9.9.2005இல் வந்த மத்தியத் திருத்தம் மணமான மகளுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற நீண்ட சண்டையை 2020இல் வினீதா சர்மா தீர்ப்பு "வேண்டியதில்லை" என்று முடித்துவைத்தது. ஆனால் 20.12.2004க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினையையோ கிரயத்தையோ இதை வைத்துக் கலைக்க முடியாது. உங்கள் நிலம் அப்பா கிரயம் வாங்கியது என்பதால் இந்தப் பேச்சே உங்களுக்குத் தேவையில்லை. யாராவது "பூர்வீகம்" என்று குழப்பினால் கிரயப் பத்திரத்தைக் காட்டுங்கள்.

யாருக்கு உரிமை போகாது, யாருக்குப் போகும் என்பதில் ஊர்ப் பேச்சுக்கும் சட்டத்துக்கும் தூரம் அதிகம். விதவை மறுமணம் செய்தால் ஏற்கெனவே கிடைத்த பங்கு போகாது. நோய், ஊனம், மனநலக் குறைபாடு எதுவும் தகுதிக் குறைவல்ல. மதம் மாறிய பிள்ளைக்கும் பங்கு உண்டு. மாறிய பிறகு அவருக்குப் பிறந்த பிள்ளைகள், இந்துவாக இல்லாத பட்சத்தில், இந்து உறவினரிடமிருந்து வாரிசுரிமை பெற முடியாது. தத்துப் பிள்ளை பெற்ற பிள்ளைக்குச் சமம். வயிற்றில் இருக்கும் குழந்தை உயிரோடு பிறந்தால் அதற்கும் பங்கு. செல்லாத இரண்டாம் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பா சொத்தில் பங்கு உண்டு, அந்த இரண்டாவது மனைவிக்கு இல்லை. கொலை செய்தவருக்கு, செய்யப்பட்டவரின் சொத்தில் பங்கே கிடையாது.

இப்போது காகித வேலை. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதமானால் கட்டணமும் அலைச்சலும் கூடும். பதியும்போதே பெயரில் கவனம் தேவை. பத்திரத்தில் "முத்துச்சாமி", ஆதாரில் "முத்துசாமி", பட்டாவில் அப்பா பெயரோடு சாதிப் பெயர், குடும்ப அட்டையில் வேறு இனிஷியல் என்று நான்கு வடிவம் இருக்கும். இறப்புச் சான்றிதழில் பத்திரத்தில் உள்ள வடிவமே வரும்படி பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால், "இருவரும் ஒருவரே" என்ற சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் நடக்க வேண்டியிருக்கும்.

வாரிசுச் சான்றிதழ் உங்களிடம் இருக்கிறது. இ-சேவை மூலம் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, வட்டாட்சியர் அலுவலகம் தருவது அது. இறந்தவரின் குடும்பத்தில் யார் யார் என்று மட்டும் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது, சொத்தை யாருக்கும் கொடுக்காது. ஒருவர் பெயரை விட்டு வாங்கிய சான்றிதழை வைத்துப் பத்திரம் போட்டால், விடுபட்டவரின் பங்கு அப்படியே நிற்கும். இதையும் நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். அது இறந்தவருக்கு வர வேண்டிய கடன், பங்குப் பத்திரம், வங்கிப் பணம் போன்றவற்றை வசூலிக்க 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் தருவது. நிலத்துக்கு அது தேவையில்லை.

அடுத்தது பட்டா. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து ஐவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றுங்கள். பிறகு எல்லோரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யும் பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் யாருக்கு எந்தப் பக்கம், எத்தனை சென்ட், நான்கு எல்லை, பாதை, கிணற்றில் பங்கு, மின் இணைப்பு யார் பெயரில், எல்லாம் எழுத வேண்டும். பாதையை எழுத மறந்த பாகப்பிரிவினைதான் அடுத்த தலைமுறையின் வழக்கு. அதன் பிறகு நில அளவர் வந்து உட்பிரிவு செய்து தனிப் பட்டா தருவார். வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளும் கூர்சீட்டு, வாய்மொழியாக முன்பே முடிந்த பிரிவினையின் நினைவுக் குறிப்பாக மட்டுமே நிற்கும். அந்தத் தாளே பங்கு பிரிக்கிறது என்றால் பதிவில்லாமல் செல்லாது.

யாராவது பங்கு வேண்டாம் என்றால் விடுதலைப் பத்திரம், அதுவும் பதிவு செய்ததுதான். விடுதலை என்பது கூட்டுச் சொந்தக்காரர் இன்னொரு கூட்டுச் சொந்தக்காரருக்குக் கொடுப்பது. அக்கா தன் பங்கைத் தம்பிக்கு விடலாம். தம்பி மகனுக்கு நேரடியாக விட முடியாது, அது செட்டில்மெண்ட் ஆகும். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் உச்சவரம்பு முறையே 40,000 ரூபாய், 10,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. பதியும் நாளில் நடப்பில் உள்ள தொகையைப் பதிவுத்துறைத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

மைனர் இருந்தால் நிறுத்தி யோசியுங்கள். தந்தையிடமிருந்து வாரிசுரிமையாக வந்த மைனரின் பங்கை, தாயே காப்பாளராக இருந்தாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்றால், அந்தப் பிள்ளை 18 வயதாகி மூன்று ஆண்டுக்குள், அதாவது 21 வயதுவரை, வழக்குப் போட்டுக் கிரயத்தை ரத்து செய்யலாம்.

வங்கிக் கணக்கு, காப்பீடு, பங்குகளில் நாமினி இருப்பார். "அண்ணன் பேர்தான் நாமினி, அவனுக்குத்தான் எல்லாம்" என்பது பழைய மயக்கம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை; வாரிசுகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர். 1984இல் சர்பதி தேவி வழக்கில் காப்பீட்டுக்கும், 2023இல் சக்தி யெஸ்தானி வழக்கில் பங்குகளுக்கும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் ஒரு விலக்கு: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களைப் பணத்துக்கு உரியவராகவே சட்டம் பார்க்கிறது. அப்பாவுக்கு மறந்துபோன வைப்புக் கணக்கு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். பத்து ஆண்டு கேட்பாரற்ற வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசு கேட்டால் வங்கி வழியாகத் திரும்பக் கிடைக்கும்.

சொத்தோடு கடனும் வரும். ஆனால் வந்த சொத்தின் மதிப்பு வரைதான். அப்பா 8 லட்சம் கடன் வைத்து 5 லட்சம் சொத்து விட்டிருந்தால், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய, மீதி 3 லட்சத்துக்கு உங்கள் சம்பளத்தைத் தொட முடியாது. வசூல் ஆள் மிரட்டியதும் "நான் கட்டிடறேன்" என்று புதிதாக எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். வாரிசுரிமையாக வரும் சொத்துக்கு இந்தியாவில் தனி வரி இல்லை. எஸ்டேட் தீர்வை 1985இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. விற்கும்போது வரும் மூலதன ஆதாயத்துக்கு வரி உண்டு, அப்போது அடக்க விலை அப்பா வாங்கிய விலையாகக் கணக்காகும். அதனால் பழைய கிரயப் பத்திரத்தைத் தொலைக்காதீர்கள்.

வில்லங்கச் சான்றை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கும் இங்கே காரணம் கிடைக்கிறது. பதிவான பத்திரங்கள்தான் அதில் ஏறும். இறப்பு ஏறாது, வாரிசுரிமை ஏறாது. அப்பா இறந்து, பாட்டி இறந்து, 60 சென்ட் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் போன பிறகும் வில்லங்கச் சான்று அப்பா பெயரோடு சுத்தமாகவே இருக்கும்.

உங்கள் பாட்டி இப்போது உயிரோடு இருக்கிறார் என்பதால், பட்டியலில் முதலில் செய்ய வேண்டியது அவர் பங்கைப் பற்றி அவரிடமே கேட்பது. பேரப்பிள்ளைகளுக்கு விட நினைத்தால் இன்றே விடுதலைப் பத்திரம் எழுதலாம். நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதியும் வசதி உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். தெளிவான நினைவோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றை அதே நாளில் வாங்கி வைப்பது பின்னால் உதவும். மகளுக்கும் இளைய மகனுக்கும் போகட்டும் என்று அவர் நினைத்தால் அதுவும் அவர் உரிமை. கட்டாயப்படுத்தி வாங்கிய கையெழுத்து நிற்காது. உங்களுக்கே விடுகிறார் என்றால், கடைசிவரை அவரைப் பராமரிப்போம் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அந்த நிபந்தனை மீறப்பட்டால் அவர் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு அதை ரத்து செய்ய முடியும்.